பதினாறா, இருபத்தொன்றா?

எனக்குச் சொந்த ஊர் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் ஒருவர் வாங்க, எங்கள் ஆட்களே பாய் விரித்துக் கடல் கடந்து, 1938இல் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த ஊரில் பிறந்த நான், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிற இருபது நிமிடத்துக்குள் இரண்டு தரம் வாந்தி எடுத்தவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு படகு வாங்கும் ஆசை வந்தது.

கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று 16 அடி அலுமினியம், 50 குதிரைவலு. மற்றது 21 அடி பைபர்கிளாஸ், 250 குதிரைவலு. முழு வேகத்தில் விட்டால் மணித்தியாலத்துக்கு எண்பது, தொண்ணூறு லீற்றர் பெற்றோல் குடிக்கும். எங்கள் சொந்தத்திலேயே அப்படிக் குடிக்கிற ஆள் இல்லை.

சிநேகிதன் பெரிசின் கட்சி. “மச்சான், சிம்கோ ஏரியைக் குளம் எண்டு நினைச்சிடாதை. எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேலை. காத்து எழும்பினா குட்டைக் குட்டை அலை அடிக்கும். உந்தத் தகரத்துக்குள்ளை இருந்தியெண்டா முள்ளந்தண்டை ஒவ்வொண்டா எண்ணலாம்.”

அவன் சொன்னது உண்மை. பெரிய படகு அலையை வெட்டிப் போகும், சின்னது அலையில் ஏறி ஏறி விழும். பெரிசுக்கே முற்பணம் கட்டுவதென்று முடிவெடுத்தேன்.

“இஞ்சருங்கோ, உதை எதாலை இழுக்கப்போறியள்?” என்றாள் மனைவி.

எங்கள் வான் 3,500 இறாத்தல்தான் இழுக்கும். பெரிய படகு, டிரெய்லரோடு 5,000க்குக் கிட்ட. அப்படியென்றால் முதலில் ஒரு பிக்கப் வாங்கவேண்டும். பிக்கப்பையும் படகையும் நிறுத்தப் பெரிய வளவுள்ள வீடு வேண்டும். வீடு வாங்கினால் குடிபூரல் வைக்கவேண்டும். குடிபூரலுக்கு வருகிறவர்களை ஏற்ற 21 அடி காணாது.

போதாததற்கு, ஒக்ரோபரில் எஞ்சினில் தண்ணீரை வடித்து, உறையாத திரவம் ஊற்றி, பிளாஸ்டிக்கால் போர்த்தி, குளிர்காலம் முழுக்க எங்காவது விட்டுவைக்கவேண்டும். கட்டணம் அடிக்கணக்கு. ஏரி உறைந்து, அதன்மேல் ஆட்கள் துளை போட்டு மீன் பிடிக்கிற மாதங்களில், ஓடாத படகின் மிச்ச ஐந்து அடிக்கும் நான் காசு கட்டவேண்டும்.

பதினாறையே வாங்கினேன். படகோட்டி அட்டைக்கான சோதனையில் 75 வீதம் எடுத்தால் பாஸ். எடுத்தேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.

முதல் ஞாயிறு ஏரிக்கரைக்குப் பன்னிரண்டு பேர் ஆட்டிறைச்சிக் கறிச்சட்டியோடு வந்து இறங்கினார்கள். படகில் பதித்த தகட்டில் ஐந்து பேர் என்று இருந்தது. “நாங்கள் மெலிஞ்ச ஆக்கள்தானே தம்பி” என்று மாமி ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தா. சட்டத்தை எடுத்துச் சொல்லி, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி மாட்டி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். மிச்ச எட்டுப் பேரும் கரையில் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

வயிறு பிரட்டியதால் அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டேன். சட்டியில் எலும்பு மட்டும்தான் கிடந்தது.