போத்தலுக்குள்ள கௌபி

மருமகன், கம்பஸ் முடிச்ச கையோட பின்வளவுல இழைய வளர்ப்பு லாப் போட்டு, கௌபிக் கண்டு வளர்த்து விக்கப் போறீங்களாம். நல்ல விசயம். படிக்காதவன் ஒரு சந்தேகம் கேக்கிறன், கோவிக்காதீங்க.

வாழைக்குப் போத்தல்ல வளர்க்கிறது சரி. அதுக்கு வித்தில்ல, பக்கக்கண்டோட நோயும் கூடவே வரும். கௌபி தன்ட பூவுக்குள்ளேயே கருக்கட்டுற சாதி. வருணி இனமோ எம்.ஐ. 35 இனமோ, ஒரு பிடி ஊண்டினா ரெண்டு ரெண்டரை மாசத்துல தாயப்போலவே புள்ளைகள். ஒங்கட போத்தலுக்கோ ஏசி வேணும், லைட் வேணும், 1962ல முராஷிகே, ஸ்கூக் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் புகையிலைக்கெண்டு கணக்குப் போட்ட உப்புக் கலவை வேணும், லீட்டருக்கு 30 கிராம் சீனி வேணும், உறைய வைக்கக் கடற்பாசியும் வேணும். நோன்பு துறக்க நாம காய்ச்சிற அதே சாமான்தான். மாமிகூட என்னை இப்படிக் கவனிச்சதில்ல!

இவ்வளவு செஞ்சும் கௌபி, பயறு, உளுந்து, கடலைச் சாதி லேசுல மசியாது. புகையிலை இலைத்துண்டுல இருந்தே குருத்து விடும்; இதுகள் வித்திலை சேர்ற கணுவ வெட்டி வெச்சாத்தான் கொஞ்சம் இரக்கப்படும். குருத்து வந்தாலும் வேர் வரப் பஞ்சிப்படும். கொண்டைக்கடலையில ஆராய்ச்சிக்காரர் அந்தக் குருத்த, தலை வெட்டின இன்னொரு நாத்துல ஒட்டி வெச்சிரிக்காங்க. நம்மூர் மாப்பிள்ளை பொண்ட வளவுல போய்க் குந்துறாப்போல. வேர் அவட, தலை இவர்ர. ஒங்களுக்கு இன்னும் கலியாணம் முடியல்ல, போகப்போக விளங்கும்.

மறுகா, போத்தலே வேணாமெண்டு சொல்ல நான் மடையனில்ல. காய் துளைக்கிற புழு இரிக்கே, அதைத் தாங்குற குணம் கௌபிச் சாதிக்குள்ள போதியளவு கிடைக்கல்ல. மண் பக்டீரியாட மரபணுவக் கலத்துக்குள்ள புகுத்தி, அந்தக் கலத்த முழுச் செடியாக்கப் போத்தல்தான் கைகொடுத்திச்சு. அவுஸ்திரேலியாவுல ஹிக்கின்ஸ் எண்ட விஞ்ஞானிட ஆட்கள் வருசக்கணக்கா மல்லுக்கட்டினாங்க. நைஜீரியா 2019ல அந்தக் கௌபிய விவசாயிக்கு விட அனுமதி குடுத்திச்சு. அங்கயும் விவசாயிட கைக்கு வந்தது போத்தல் இல்ல மருமகன், வித்து.

ஆராய்ச்சி ஆசையெண்டா மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்துக்கோ அங்குணகொலபெலஸ்ஸ நிலையத்துக்கோ போய்ச் சேருங்க. கண்டு விக்கிற ஆசையெண்டா வாழையப் போடுங்க, முதல் பத்துக் கண்டு நான் வாங்குறன். கௌபி வித்து வேணுமெண்டா மாமிட்டக் கேளுங்க, சாம்பல்ல புரட்டி வெச்சிரிக்கா.