ஐயப்பன்தாங்கலில் ஒரு மலைத்தோட்டம்

படிக்கட்டு வேளாண்மைக்கு ஊட்டி எதற்கு? ஐயப்பன்தாங்கல் போதும். மலை கிடையாதே என்பீர்கள். தெருவில் தார்மேல் தார் போட்டு வளர்த்துவிட்டோம். முன்பு மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனோம், இப்போது மூன்று படி இறங்குகிறோம். அந்தச் சரிவை வீணாக்குவானேன்? உடைந்த செங்கல்லை அணைகொடுத்து, மேலே கறிவேப்பிலை, நடுவே வெண்டை, அடியில் சேப்பங்கிழங்கு. பாசனச் செலவே இல்லை. மழை வந்தால் தெருவே ஊற்றிவிடும்.

2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதிது போடச் சொன்னார். மலைவளத்தின் அருமையை அவருக்கு யார் சொல்வது? நல்லவேளை, எங்கள் தெருவுக்குக் காது மந்தம்.

இந்த ஐப்பசியில் நெல் நடலாமென்று கொல்லையில் இறங்கினேன். காலடியில் கெளுத்தி துள்ளியது. தாங்கல் என்றால் சிறு ஏரி, ஊர்ப்பெயரிலேயே எழுதியிருக்கிறது.