நாற்காலியியல்: லியூப்லியானாவின் இளவேனிலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு கோப்பைக் காபியைக் குடிக்க ஆகும் நேரம் வேறு. குடித்து முடித்தபின் காலிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் வேறு. முன்னதை நாக்கும் சூடும் சேர்ந்து தீர்மானித்துவிடும். பின்னதைத் தீர்மானிக்க நீரியல், கட்டடக்கலை, அரசியல், சட்டம் ஆகிய நான்கும் தேவைப்படுகின்றன. அறிஞர்கள் இதுகாறும் கண்டுகொள்ளாத இந்தப் பின்னதை ஆராயும் துறைக்கு இக்கட்டுரை 'நாற்காலியியல்' என்று பெயர் சூட்டுகிறது.

ஆய்வுக் களம் ஸ்லோவேனியாவின் தலைநகரமான லியூப்லியானா. மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று லட்சம். ஆய்வுக் காலம் சித்திரையும் வைகாசியும், அதாவது இலக்கணிகள் இளவேனில் என்று வகுத்த பருவம். பாரிஸையும் ரோமையும் விட்டுவிட்டு இந்த ஊர் ஏன் என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். அங்கெல்லாம் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டு உட்காருகிறார்கள். அந்த உறுத்தல் தரவுகளைக் கெடுத்துவிடும். லியூப்லியானாவில் அந்தத் தொல்லை இல்லை. 2006 முதல் ஓடும் இழுவை ரயிலில் கோட்டைக்கு ஏறி, வடக்கே ஆல்ப்ஸ் மலையில் மிச்சமிருக்கும் பனியைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, 1901இல் கட்டிய டிராகன் பாலத்தில் டிராகன்களோடு படமும் எடுத்துக்கொண்டால்கூட மதியச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது. அதன்பிறகு மனிதர் உட்கார்ந்தே ஆக வேண்டும். பார்க்க வேண்டியவை சீக்கிரம் தீர்ந்துபோகும் தலைநகரத்தில்தான் ஓய்வு தொடங்குகிறது என்பது நம் கருதுகோள்.

முதலில் திணை. ஆறும் ஊரும் சார்ந்த இடம், ஆகவே மருதம். பொழுதோ பாலைக்குரிய வேனில். உரிப்பொருளோ முல்லைக்குரிய இருத்தல். முல்லைத் தலைவி காத்திருப்பது தலைவனுக்காக, இங்கே பில்லுக்காக. பல மேசைகளில், கேட்டால்தான் பில் வரும். இத்தனை பெரிய திணைமயக்கத்தைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை உரையாசிரியர்களிடம் விட்டுவிட்டு மேலே செல்வோம்.

அடுத்து நீரியல். ஊருக்குத் தெற்கே பெரிய சதுப்பு நிலம், சுற்றிலும் மலைகள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் இந்தப் பள்ளத்தில் பனிமூட்டம் அடைந்து கிடக்கும். ஏப்ரலில் வெயில் தலைகாட்டியதும், முதுகில் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலிகள் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகின்றன. அந்த ஆறு லியூப்லியானிட்சா. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மண்ணுக்குள் மறைவதும் வேறு பெயரில் வெளியே வருவதுமாக இதற்கு மொத்தம் ஏழு பெயர்கள். எடுத்த காரியத்தை ஒரே பெயரில் முடித்துப் பழக்கமில்லாத ஆறு. சதுப்பின் சமதளத்தைக் கடந்து ஊருக்குள் நுழையும்போது, ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்வது கடினம். விரைந்தோடும் நீரைப் பார்ப்பவருக்கு நாமும் எழுந்து எங்காவது போகலாமே என்று தோன்றும். இந்த ஆறு அப்படியொரு எண்ணத்தை யாருக்கும் தந்ததில்லை.

இனி கட்டடக்கலை. இங்கே சற்று நின்று, மன்னிக்கவும், உட்கார்ந்து பேச வேண்டும். இவ்வூரில் 1872இல் பிறந்து 1957இல் இங்கேயே மறைந்த கட்டடக்கலைஞர் யோஷே பிளெச்னிக்கை நாற்காலியியலின் ஆதிகுரு எனலாம். வியன்னாவிலும் பிராகிலும் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். நடுச்சதுக்கத்தையும் பழைய நகரத்தையும் இணைக்க 1842இல் கட்டிய ஒரு கல்பாலம் இருந்தது. நெரிசல் கூடியபோது வேறொரு பொறியாளர் அதை இடித்துவிட்டு அகலமாகக் கட்டியிருப்பார். பிளெச்னிக் பழையதைத் தொடாமல், நடப்பவர்களுக்கென்று அதன் இருபுறமும் ஒவ்வொரு பாலத்தைச் சேர்த்தார். 1932 முதல் ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குப் போக மூன்று பாலங்கள். அவசரக்காரருக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. எதில் போகலாம் என்று யோசிக்கும் நேரம்தான் கூடுதல். சந்தைக்கு ஆற்றோரமாகத் தூண் வரிசை வைத்தார். நீர்மட்டத்தைப் பிடித்து வைக்கும் மதகையும் அவரே வடிவமைத்தார். திர்னோவோ பகுதியில் கரையைச் சுவராக எழுப்பாமல் தண்ணீர்வரை கல்படிகளாக இறக்கி, மேலே மரங்களை வளரவிட்டார். படியும் ஒருவகை நாற்காலிதான், முதுகுச் சாய்வு மட்டும் கிடையாது. 2021இல் யுனெஸ்கோ இவருடைய லியூப்லியானாப் பணிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நகரத்தின் மையப்பகுதியிலிருந்து கார்களை 2007 முதல் படிப்படியாக வெளியேற்றிய மாநகராட்சியையும் இந்த மரபின் வாரிசாகவே கொள்ள வேண்டும். கார் நின்ற இடத்தில் இப்போது நாற்காலி நிற்கிறது.

அந்த நடுச்சதுக்கத்தில் ஓயாமல் நிற்கிற ஒரே ஆள் கவிஞர் பிரான்ஸ் பிரெஷெரன். சிலை வைத்தது 1905இல். எதிர்த்தெருச் சுவரில், சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல, அவருக்குக் கிட்டாத யூலியாவின் உருவத்தைப் பதித்திருக்கிறார்கள். காதல் கைகூடியிருந்தால் அவரையும் உட்காரவைத்துச் சிலை செய்திருப்பார்களோ என்பது தனி ஆய்வுக்குரியது.

அரசியலுக்கு வருவோம். இவ்வூரில் மிக நீண்ட, மிக ஆடம்பரமான இளவேனில் தங்கலை நடத்தியவர்கள் பேரரசர்கள். 1821 ஜனவரி 26 முதல் மே 12 வரை ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ், ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர், நேப்பிள்ஸ் மன்னர் பெர்டினாண்டு, எல்லோரையும் ஆட்டிவைத்த ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக் எனப் பெரிய கூட்டமே இங்கே கூடியது. நேப்பிள்ஸ் மக்கள் வாங்கிய அரசியல் சட்டத்தை ஆஸ்திரியப் படையை அனுப்பி அழிப்பதுதான் கூட்டத்தின் பெரிய முடிவு. மார்ச்சிலேயே படை நேப்பிள்ஸுக்குள் நுழைந்துவிட்டது. ஆனாலும் கூட்டத்தார் மே வரை எழுந்திருக்கவில்லை. அவர்கள் நினைவாகக் 'காங்கிரஸ் சதுக்கம்' இன்றும் இருக்கிறது. உட்காருவதில் எல்லாம் நல்ல உட்காருதல் அல்ல என்பதற்கு இது சான்று. எதிர்முனையில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1904 அக்டோபரில் டிரியெஸ்டே வந்துவிட்டதென்று தவறாக இங்கே இறங்கி, ஓர் இரவைக் கழித்துவிட்டுப் போனார். அதற்கே ரயில் நிலையத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். பருவம் பொருந்தாததால் அவர் இவ்வாய்வில் சேரமாட்டார்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஸ்லோவேனியா முன்னோடி. ஏப்ரல் 27, இரண்டாம் உலகப்போர்க்கால ஆக்கிரமிப்பை எதிர்த்து எழுந்த நாள், விடுமுறை. உழைப்பாளர் தினத்துக்கு மே 1 விடுமுறை. மே 2ஆம் தேதியும் விடுமுறை. உழைப்பைக் கொண்டாடுவதற்கு ஒரு நாள், கொண்டாடிய களைப்புக்கு ஒரு நாள் என்று நாம் பொருள்கொள்ளலாம். ஏப்ரல் 30 இரவு ரோஷ்னிக் குன்றில் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள்.

அதே குன்றின் விடுதியில் 1910 முதல் சில ஆண்டுகள் தங்கியிருந்தவர் எழுத்தாளர் இவான் சான்கர். 'ஒரு கோப்பைக் காபி' என்ற அவருடைய கதையை, நம் துறையின் ஒரே முன்னாய்வு எனலாம். வறுமை வாட்டும் வீட்டில், யோசிக்காமல் அம்மாவிடம் காபி கேட்கிறான் மகன். எப்படியோ புரட்டிப் போட்டுக் கொண்டுவந்தவளிடம் எரிந்து விழுகிறான். அந்தக் கோப்பையின் பாரம் அவனை விட்டு இறங்கவே இல்லை. நம் கருதுகோளுக்கு நேர் எதிரான முடிவு. பதில் சொல்ல வழியில்லாததால் இதை அப்படியே பதிவுசெய்கிறோம். இன்று ஆற்றின் வலக்கரையில் ஒரு பகுதிக்குச் சான்கர் பெயர். அந்தக் கரை முழுக்கக் காபி மேசைகள்.

இவ்வூரார் சோம்பேறிகள் என்று மாற்றுத்தரப்பு வாதிடலாம். வரலாற்றிலிருந்து பதில் சொல்வோம். 1942 பிப்ரவரியில் இத்தாலிய ஆக்கிரமிப்பாளர்கள் நகரம் முழுவதையும் முள்கம்பியால் வளைத்தார்கள். 1945 மே 9 வரை மக்கள் அதற்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கம்பி போன தடத்தில் இப்போது முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் மரநிழல் பாதை. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஊரே திரண்டு அதில் நடக்கிறது. நினைத்தபோது எழுந்து நடக்க முடிகிறவர்கள்தான் இப்படி நிம்மதியாக உட்காருகிறார்கள் என்பது நம் மறுப்பு.

களப்பணிக்குச் செல்வோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கோட்டைக் குன்று கிழக்கே இருப்பதால் காலை வெயிலுக்கு இடக்கரை, மாலை வெயிலுக்கு வலக்கரை. வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்கருகே திறந்தவெளிச் சமையல் கடைகள் கூடும். மழை பெய்தால் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவார்கள். ரொட்டி, பழம் எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.