வெந்நீர் வைக்கத் தெரிந்தவன்

‘வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது’ என்று நம் ஊரில் சில ஆண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள். என்னை யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்பது வேறு விஷயம். லண்டனுக்கு வந்த இந்தப் பதினான்கு வருஷங்களில் எங்கள் சமையலறையில் எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரே இலாகா கெட்டில். ஒரு குழாய் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டு, என்னை இலாகா இல்லாத மந்திரியாக்கிவிட்டது.

சமையலறையைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தபோது, “ஏங்க, கொதிநீர்க் குழாய் ஒண்ணு போட்டுடலாமா? திறந்தா கொதிக்கக் கொதிக்க வருமாம்” என்றாள் மனைவி.

விசாரித்தேன். சிங்குக்கு அடியில் பிளாஸ்க் மாதிரி ஒரு தொட்டி. அதற்குள் அழுத்தத்தில் 108 டிகிரி வரை சூடேறிய தண்ணீர் காத்துக் கிடக்கும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் விடுபட்டு, 100 டிகிரியில் சீறிக்கொண்டு வெளியே வரும். நம் பிரஷர் குக்கர் சூத்திரம்தான், விசில் மட்டும் கிடையாது. 1970-இல் ஹென்றி பெட்டேரி என்ற டச்சுக்காரருக்கு உதித்த யோசனை இது. அவர் யூனிலீவரில் உடனடி சூப் தயாரிக்கும் வேலையில் இருந்தவர். சூப் உடனடியாகிவிட்டது, வெந்நீர் உடனடியாகவில்லையே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டு நிலவறையில் உட்கார்ந்து அவர் பாடுபட்டதில் பிறந்ததுதான் குவூக்கர் என்ற இந்தக் கொதிநீர்க் குழாய். சூப்புக்காக வேலையை விட்ட அந்த மகானால் எனக்கும் வேலை போகும் என்று அப்போது தெரியவில்லை.

நான் லேசில் விடவில்லை. கணக்கில் இறங்கினேன். “கெட்டில் 25 பவுண்டு. குழாய் ஆயிரத்துக்கு மேல. ஒரு குழாய் விலைக்கு நாற்பது கெட்டில் வாங்கலாம்.”

“நாற்பது கெட்டிலை வச்சுக்கிட்டு கல்யாண மண்டபமா நடத்தப் போறோம்?”

மின்சாரத்துக்குத் தாவினேன். தொட்டியைச் சூடாகவே வைத்திருக்கச் சுமார் 10 வாட் ஓடிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்குக் கால் யூனிட். கெட்டிலில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். “யாரும் தொடாமலே தினம் ரெண்டு லிட்டர் வெந்நீர் தண்டம்” என்றேன், நீதிமன்றத்தில் நிற்கிற தோரணையில்.

“ஒரு டம்ளர் டீக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்கவச்சு, மிச்சத்தை ஆறவிட்டு, மறுபடி கொதிக்கவைக்கிறது யாரு?”

கட்சிக்காரரே குற்றவாளி என்று தெரிந்ததும் வக்கீல் குரல் இறங்கிவிட்டது. அவளோ தொடர்ந்தாள். ஒரு நாளைக்கு எட்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிஷம், வருஷத்துக்கு 97 மணி நேரம் மிச்சமாம். “அவ்வளவு நேரத்தை வச்சு என்ன செய்யறது?” என்றேன். “இப்ப கெட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு போன் பார்க்கிறீங்க. இனிமே உட்கார்ந்து பார்க்கலாம்” என்றாள்.

கடைசி அஸ்திரமாகச் சரித்திரத்தை எடுத்தேன். இந்த நாட்டில் கெட்டில் சாமானியப்பட்ட பொருளா? நம் ஊரில் 1,500 வாட்டில் முனகுவது இங்கே 3,000 வாட்டில் முழங்குகிறது. 1990 கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. தோற்ற துக்கத்தில் நாடே எழுந்துபோய்க் கெட்டிலைத் தட்டியது. சட்டென்று ஏறிய மின்தேவை சுமார் 2,800 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் சேர்ந்தாலும் 2,000-தான். இப்படிப்பட்ட நெருக்கடிகளைச் சமாளிக்கவே வேல்ஸ் மலையில் டினோர்விக் என்ற நீர்மின் நிலையத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அடுப்படியில் வெந்நீர் கொதிப்பதற்காக மலை மேலிருந்து பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தேசம் இது!

“எல்லாம் சரி, உங்க கெட்டில் உள்ள எட்டிப் பாருங்க” என்றாள். எங்களுடையது கண்ணாடிக் கெட்டில், எட்டிப் பார்க்கவே தேவையில்லை. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றிச் சுரண்டுவதும் என் இலாகாதான். சுரண்டி மூன்று மாதமாகியிருந்தது. வழக்கு அங்கே முடிந்தது.

குழாய் வந்தது. குழந்தைகள் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று அதற்கு ஒரு பூட்டு மந்திரம்: ஒருமுறை அமுக்கி, மறுமுறை அமுக்கி, அப்புறம் திருக வேண்டும். மனைவி ஒரே நாளில் கற்றுக்கொண்டாள், மகள் ஒரு மணி நேரத்தில். நான் இரண்டு வாரம் அமுக்கினேன். கெட்டில் பரணுக்குப் போனது. காலையில் பழக்கதோஷத்தில் சமையலறைக்குப் போய் நிற்பேன், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் போய் நிற்கிற மாதிரி.

கோடையில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள். மறுநாள் விடியற்காலை ஃபில்டரில் காபிப்பொடியை நிரப்பி, “வெந்நீர்?” என்றாள். மருமகள் பெருமையோடு குழாயைத் திருகிக் காட்டினாள். ஆவி பறக்க வந்தது. “அட, பிரமாதம்” என்று அம்மா அதை ஒரு பாத்திரத்தில் பிடித்தாள். பிடித்து, அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள்.

“அம்மா, அது ஏற்கெனவே கொதிச்ச தண்ணிம்மா.”

“கொதிச்சதை நீ பார்த்தியா?”

நான் பார்க்கவில்லை. மனைவியும் பார்க்கவில்லை. ஆயிரம் பவுண்டு கொடுத்த இருவரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

“கண்ணுக்கு நேரா தளதளன்னு கொதிக்கணும்டா. அப்பதான் டிகாஷன் இறங்கும்.”

நான் பேசாமல் ஏணியை எடுத்துப் பரணில் ஏறினேன். கெட்டிலுக்கு வினிகர் அபிஷேகம் செய்து, கழுவி, மேடையில் வைத்துத் தட்டினேன். இரண்டே நிமிஷத்தில் கண்ணாடிக்குள் குமிழ்கள் குதித்தன. அம்மா குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். “இது கொதிக்குது” என்று சான்றிதழ் கொடுத்தாள்.

அம்மா இருந்த இரண்டு மாதமும் வெந்நீர் என் பொறுப்பு. குழாய் பக்கத்தில் சும்மா நின்றது. ஒருநாள் அம்மா ஸ்பீக்கரில் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “காலையில எழுந்ததும் எம்புள்ளதான்க்கா எனக்கு வெந்நீர் வச்சுத் தரான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பெரியம்மா மெதுவாகக் கேட்டாள்:

“ஏண்டி, லண்டன்ல குழாயில வெந்நீர் வராதா? எங்க வீட்டுலயே கீசர் போட்டாச்சே!”