51 திட்டுகளும் ஒரு தூக்குப் புளியோதரையும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தீவுக்கூட்டம் ஒன்றுதான்: பிச்சாவரம். வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் சுரபுன்னைக் காடு. காட்டுக்குள் 51 திட்டுகள் என்பது கணக்கு. 2022இல் இது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சிதம்பரம் வழியாகப் போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச் இதைவிட எவ்வளவோ பக்கம். ஆனால் சாயங்காலம் பொடிநடையாகப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருகிற இடத்தைச் சுற்றுலா என்று எந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்ளாது. சுற்றுலா என்றால் வேன் வேண்டும்.

தீவுச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு பிச்சாவரத்தில் தொடங்குவதில்லை, அந்தமானில் தொடங்கும். மத்திய அரசு வேலையிலிருக்கும் மைத்துனர் விடுப்புச் சலுகையில் விமானமேறிப் போய், நீலக் கடல் முன்னால் தொப்பியோடு நிற்கும் படம் குடும்பத்தின் வாட்ஸாப் குழுவுக்கு வந்த அன்றிரவு தொடங்கும். மறுநாள் அது இலங்கைக்கு நகரும். பாஸ்போர்ட் இருப்பவர் இரண்டே பேர் என்று தெரிந்ததும் ராமேஸ்வரத்துக்கு வரும். ராமேஸ்வரமும் தீவுதான். ஆனால் அங்கே போனால் 22 தீர்த்தத்திலும் குளிக்காமல் பாட்டி திரும்ப மாட்டார், ஈரத்துணி மூட்டை தனி. செலவு, லீவு, பாட்டி ஆகிய மூன்றையும் கூட்டிக் கழித்தால் விடை எப்போதும் பிச்சாவரம்.

போவதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நாள்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். இந்த விவரம் பறவைகளுக்குத் தெரியும். குடும்பம் மே மாதம் போகும். தப்பித் தவறிக் குளிர்காலத்தில் போனாலும் காணும் பொங்கலன்று போகும். அன்று மாவட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது என்று முதல்நாள் இரவு தீர்மானமாகும். ஐந்துக்கு வேன் வாசலில் வந்து நிற்கும். குடும்பம் ஏழரைக்கு ஏறும். இடைப்பட்ட நேரத்தில் நடப்பது என்ன என்பதை இதுவரை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. ஒருவர் குளித்து முடிக்கும்போது மற்றொருவர் குளிக்கப் போவார், அவர் வரும்வரை முதலாமவர் தூங்குவார் என்பது மட்டும் உறுதி. பூட்டிய பூட்டை வீட்டுக்காரர் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடினோமா என்ற சந்தேகம் கெடிலம் பாலத்துக்கு வடகரையில் யாருக்கும் வந்ததில்லை. பாலத்தைத் தாண்டிய பிறகே வரும். வேன் திரும்பும். கேஸ் மூடித்தான் இருக்கும்.

உணவைப் பொறுத்தவரை புளியோதரைக்கு மாற்றில்லை. எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் துணைக்கு வரும், உருளைக்கிழங்கு வறுவல் இருக்கும், ஆனால் தலைமை புளியோதரைக்கே. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரை நிலம் தன்னுடையது என்று எல்லை வகுத்துக்கொண்டது. கடலூரில் குண்டு சாலை இன்னும் இருக்கிறது. மஞ்சக்குப்பத்துக் குடும்பத்தின் உலகத்துக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு: காலையில் கிளறிய புளியோதரை கெடாமல் போய்ச் சேரும் தூரம். பிச்சாவரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அங்கே போய்ப் பிரித்துச் சாப்பிடுவது என்பதுதான் ஏற்பாடு. முதுநகரைத் தாண்டி, தொழிற்பேட்டை வரும்போது கண்ணாடிகளை ஏற்றி, அது போனதும் இறக்கி, ஆலப்பாக்கம் வருவதற்குள் தூக்கு திறந்துவிடும். "சும்மா, பசங்களுக்கு மட்டும் ஒரு வாய்" என்று சித்தி சொல்வார். புதுச்சத்திரத்தில் பெரியப்பா இலை கேட்பார்.

பி.முட்லூரில் வேறொரு தகராறு தயாராகும். சிதம்பரம் வழியாகப் போய்விட்டு நடராஜரைப் பார்க்காமல் வருவதா என்று பாட்டி கேட்பார். கேள்வி நியாயமானது. உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்தினால் மாலை ஐந்து மணி வாக்கில்தான் திறக்கும். முதலில் கோயிலா, முதலில் படகா? கோயில் என்றால் படகில் உச்சி வெயில். படகு என்றால் கோயிலுக்கு வேர்த்து விறுவிறுத்துப் போக வேண்டும். இதைப் பேசி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டே கால் ஆகிவிடும். நடை சாத்திவிடுவதால் தகராறு தானாகத் தீரும். வேன் கிள்ளை சாலையில் திரும்பும்.

படகுத்துறை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. அகன்ற நீர்ப்பரப்பில் மோட்டார் படகு வேகமாகப் போகும். குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். காசு கொடுப்பவர்கள் வேகத்தை விரும்புவார்கள், விவரமறிந்தவர்கள் துடுப்பை விரும்புவார்கள். குடும்பத்தில் இருவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். கடல் முகத்துவாரமான சின்னவாய்க்கால் பக்கம் வரை போகும் நீண்ட சவாரிக்குக் கட்டணம் அதிகம். அதைக் கேட்டதும் மாமா, கடலை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார்.

ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை எல்லாரும் போட்டுக்கொண்ட பிறகுதான் உண்மையான சோதனை. படகு சாயாமல் இருக்க எடையைப் பங்கிட்டு உட்கார வைக்க வேண்டும். படகோட்டிக்குத் தராசு தேவையில்லை, ஒரு பார்வை போதும். "அம்மா, நீங்க நடுவுல வந்துடுங்க" என்று அத்தையிடம் அவர் மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் அந்த ஒரு சொல்லை அத்தை அடுத்த தீபாவளி வரை மறக்க மாட்டார். அத்தை நடுவுக்கு நகர்ந்தபோது படகு நேரானதை அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கால்வாய்க்குள் நுழைந்ததும் பேச்சு சற்றுக் குறையும். இருபுறமும் மரங்கள் கூடி மேலே கூரையாகிவிடும், வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே பச்சையாக விழும். சுரபுன்னையின் தாங்கு வேர்கள் கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். வெண்கண்டலுக்கு வேறு வழி: சேற்றில் காற்றில்லாததால் மூச்சு வேர்களைப் பென்சில் பென்சிலாக மேலே அனுப்பும். உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, மிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றும். வெயில் நாளில் இலையைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். சுரபுன்னை விதையின் செய்தி இன்னும் விசேஷம். அது காயிலிருந்து கீழே விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, ஈட்டிபோல் நீண்டு, தக்க பருவத்தில் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். இதைக் கேட்ட பெரியம்மா, இருபத்தாறு வயதாகியும் வேலைக்குப் போகாத மகனை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவன் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டிருப்பான்.

இலையில் உப்பு இருக்கிறதா என்று நக்கிப் பார்க்கிற பையன் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவன் உண்டு. அவனைத் தடுக்கக் காரணமும் உண்டு. இதே காட்டில்தான் தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம். நடராஜர் கோயிலின் தலமரம். ஊருக்குள் காடு போய்விட்டது, பிச்சாவரத்தில் மரம் நிலைத்திருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சலெடுத்துச் சில காலம் பார்வையே மறைந்துவிடும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். கோயிலைப் பார்க்க முடியாமல் போன வருத்தத்திலிருந்த பாட்டி, மரத்தைக் காட்டியதும் படகில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார். தொடுவதற்கு மட்டும் யாரையும் விட மாட்டார்.

1975இல் வந்த 'இதயக்கனி' படத்துக்காக எம்.ஜி.ஆர். இங்கே படகில் வந்தார். அந்தப் படப்பிடிப்பை மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்ததாகச் சொல்லும் பெரியப்பாக்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது. அவர்களில் சிலர் பிறந்த ஆண்டைக் கவனித்தால், கேரியரில் தொட்டில் கட்டித்தான் போயிருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். நின்ற இடம் இதுதான் என்று ஒரு வளைவைக் காட்டுவார்கள். திரும்பி வரும்போது வேறொரு வளைவைக் காட்டுவார்கள். எல்லா வளைவும் ஒரே மாதிரி இருப்பதால் இதை மறுக்க வழியில்லை.

கரையோர ஆழமற்ற நீரில், இடுப்பளவுக்கு உட்கார்ந்தபடி கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை அங்கங்கே காணலாம். வலையில்லை, தூண்டிலில்லை, விரல்தான் கருவி. படகிலிருப்பவர்கள் கிலோ என்ன விலை என்று கேட்பார்கள்.

இந்தக் காட்டைப் பற்றிச் சிரிக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைப் புரட்டிப் போட்டது. மறு ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கடலூர் மாவட்டக் கரையை எடுத்துக்கொண்டு, மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று காட்டியது. படகில் அந்தப் பேச்சு வந்தால், அன்று காலை யார் எங்கே இருந்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லத் தொடங்குவார்கள். அந்தக் கணக்கில் மட்டும் யாரும் யாரையும் திருத்துவதில்லை.

கவனிக்க வேண்டியது, இத்தனை திட்டுகள் இருந்தும் குடும்பம் எந்தத் திட்டிலும் கால் வைப்பதில்லை. வைக்கவும் முடியாது: சேறு, வேர், அதற்கு மேல் நண்டு. வீட்டிலிருந்து வீடு வரை பதினைந்து மணி நேரம் நீளும் தீவுச் சுற்றுலாவில் தீவுகளுக்கு நடுவில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். மிச்சம் வேன், வரிசை, கழிப்பறை எங்கே என்ற விசாரணை, இலை போட்டுச் சாப்பாடு. இதைக் குறையாக எண்ணுவது தவறு. ஹவாய்க்குப் போகிறவரும் பெரும்பகுதி நேரம் ஏதோ ஒரு வரிசையில்தான் நிற்கிறார். அங்கே புளியோதரையும் கிடையாது.

மாலையில் நடராஜர் கோயில். கனகசபையில் ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மே மாத வெயில் முழங்கைவரை எழுதிய எல்லைக்கோடு அப்போது வெளிச்சத்துக்கு வரும். கோபுர வாயில்களில் பரதசாத்திரத்தின் 108 கரணங்களும் சிற்பமாக இருக்கின்றன. அவற்றில் பத்துப் பன்னிரண்டையாவது படகில் ஏறி இறங்கும்போது குடும்பத்தார் செய்து முடித்திருப்பார்கள். ஒரே கோயிலுக்குள் நடராஜரையும் கோவிந்தராஜரையும் சேவித்துவிடலாம் என்பது நேரமில்லாதவர்களுக்குப் பெரிய வசதி. வெளியே வந்ததும் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். வீட்டுக் கொத்சு இதைவிட நன்றாயிருக்கும் என்று சொன்ன பிறகே இரண்டாவது தட்டு சொல்வார்கள்.

இரவு பத்தரைக்கு மஞ்சக்குப்பத்தில் வேன் நிற்கும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டிருப்பார்கள், பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். வாடகை, டீசல், ஓட்டுநர் பேட்டா, படகுக் கட்டணம் எல்லாம் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். குழந்தைகள் அரைத் தலை. பன்னிரண்டு வயதுப் பையன் அரையா முழுசா என்பதில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் எப்போதும் கருத்து வேறுபாடு இருக்கும். படகில் அவனுக்குத் தனி இடம் கொடுத்தார்கள் என்பது மாமாவின் வாதம். வேனில் என் மடியில்தான் வந்தான் என்பது சித்தப்பாவின் வாதம். தெருவிளக்கடியில் அரை மணி நேரம் நின்று பேசி, முக்கால் என்று முடித்துக்கொள்வார்கள்.