ஏழரை மணி ஏலம்

ஈபேயில் பழைய தபால்தலை விற்பவனுக்குத் தபால்தலையைப் பற்றி ஓரளவு தெரிந்தால் போதும். கலிபோர்னியாக்காரர் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடித்துக் கணினிமுன் உட்காருவார் என்பதுதான் துல்லியமாகத் தெரிய வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு நான் செய்துவரும் ஆராய்ச்சி இதுதான்.

சரக்கு, அப்பா விட்டுப்போன ஆல்பம். பாதிக்கு மேல் திருவிதாங்கூர் தபால்தலைகள். 1888-இல் வெளிவரத் தொடங்கிய, நடுவில் சங்கு போட்ட வகை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம். ஓரத்தில் ஒரு பல் மழுங்கியிருந்தால்கூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மெயில் போடுவார்கள். அவ்வளவு கறாரான ஆசாமிகள், விலை கேட்க மட்டும் கடைசி நிமிஷம்வரை வரமாட்டார்கள்.

ஏலத்தை ஏழு நாளோ பத்து நாளோ வைக்கலாம். எத்தனை மணிக்குத் தொடங்குகிறதோ, அத்தனை மணிக்கே முடியும். ஆகவே முகூர்த்தம் பார்க்க வேண்டியது முடிவுக்குத்தான். வியாழன் மாலை பத்து நாளுக்குப் போட்டால் இரண்டு வாரக்கடைசி கிடைக்கும். முடிவதும் ஞாயிறு மாலையில். கலிபோர்னியாவில் ஆறு மணி என்றால் நியூயார்க்கில் ஒன்பது. இரண்டு கரையிலும் ஆள் விழித்திருப்பான், மறுநாள் வேலைக்குப் போகும் துக்கத்தில் எதையாவது வாங்கும் மனநிலையிலும் இருப்பான்.

கோயில் புளியமரத்தை ஏலம் விடுகிறவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைப்பார். நாலு பக்கமும் பார்ப்பார். பின்வரிசையில் ஒரு கை ஆடும்வரை மூணாவது தரம் வாயிலிருந்து வராது. ஈபே கடிகாரத்துக்கு இந்த நாசூக்கு தெரியாது. நொடி தீர்ந்தால் கதை தீர்ந்தது. அதனால்தான் எல்லோரும் பதுங்கியிருந்து கடைசி நொடியில் பாய்கிறார்கள். அந்தக் காலத்தில் அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போகும். பதுங்கிப் பிரயோஜனம் இல்லை என்பதால் அங்கே பதுங்குவதும் குறைவு. இதை ஒப்பிட்டு ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் கட்டுரையே எழுதினார்கள். ராத்துக்குப் பின்னாளில் வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசும் வந்தது. புளியமரத்துக்காரருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை.

ஞாயிறு மாலை ரகசியம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்கு மாடி எழுப்பியிருப்பேன். உலகத்துத் தபால்தலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். விளைவு, ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை வாங்கியவர் நிலைமைதான் வாங்குகிறவருக்கு: மூன்று இடத்திலும் தலையைக் காட்டுவார், சாப்பிடுவது ஒரு மண்டபத்தில். அது பெரும்பாலும் என் மண்டபமாக இருப்பதில்லை. பிப்ரவரியில் சூப்பர் பௌல் நடக்கும் ஞாயிறன்று எந்த மண்டபத்துக்குமே ஆள் வராது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கால்பந்து என்று சொல்லும் அந்த ஆட்டத்தின் தேதியை நான் தீபாவளிக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது தினசரி காலண்டரோடு வரும் அம்மா.

கோடையில் கலிபோர்னியாவின் ஞாயிறு மாலை ஆறு, நமக்குத் திங்கள் காலை ஆறரை. அம்மாவுக்கு ஆட்சேபம் கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறதே, அன்று பிடிக்கிறது வினை. ஆறரை, ஏழரை ஆகிவிடும்.

"திங்கக்கெழம ஏழரை டு ஒம்பது ராகு காலம்டா. அப்பா சேத்து வெச்ச பொருளை அதுலயா விப்பே?"

"வாங்கறவருக்கு அது ஞாயித்துக்கெழம சாயங்காலம்மா."

இப்படிச் சொன்னால் வாய் அடைபடும் என்று நினைத்தேன். அம்மா காலண்டரில் ஒரு தாளைப் பின்னால் புரட்டினாள். "ஞாயித்துக்கெழம நாலரைலேருந்து ஆறு. அவனுக்கும் ராகு காலம்தான்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நொடி பிசகவில்லை. கலிபோர்னியாவில் மணி ஆறு அடித்து ராகு எழுந்திருக்கும் அதே கணத்தில் சென்னையில் மணி ஏழரை, வந்து உட்கார்ந்துவிடுகிறார். இமிக்ரேஷன் வரிசை கிடையாது, நடுவில் துபாயில் இறங்கி ஏறும் அவஸ்தை கிடையாது.

"அப்போ சரியா எப்ப கேப்பாங்க?" என்றாள்.

"கடைசி அஞ்சாறு செகண்டுல."

"அதாவது இங்க ஏழரை ஆகறதுக்கு முன்னால."

"ஆமா."

"அங்க ஆறு ஆகறதுக்கும் முன்னால."

"ஆமாம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ ராகு காலத்துல வாங்கறது அவன்தானே? நாம நல்ல நேரத்துலதான் விக்கறோம். போடுடா."