குறிப்புதானே!

சுங்கை ரம்பாய் மலாக்கா மாநிலத்தின் கடைக்கோடி. மெர்லிமாவைத் தாண்டி மூவார் போகும் பாதையில் இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஜொகூர் வந்துவிடும். ஊருக்குப் பேர் கொடுத்ததே ஒரு பழம். ரம்பாய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தோலை உரித்து வாயில் போடும்வரை இனிப்பா புளிப்பா என்று சொல்லாது. எங்கள் ரப்பர் தோட்டத்துச் செக்ரோலும் அதே ரகம்தான். மாசக் கடைசியில்தான் ருசி தெரியும்.

செக்ரோல் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கைக் கிராணி எழுதும் பெரிய புத்தகம் அது. இடப்பக்கம் பேர், நடுவில் 31 கட்டம், வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு ஒல்லிப் பத்தி. என் தாத்தா பால் வெட்டிய காலத்தில் கட்டங்கள் துரையின் பார்வைக்கு, ஓரம்தான் ஊருக்கு. கட்டத்தில் முழு நாள் விழுந்திருக்கும். ஓரத்தில் பென்சிலால் ‘10 மணி மழை’ என்று இருக்கும். கூலி போடும் நாளில் பெரிய கிராணியின் கண் கட்டத்தில் நிற்காது, நேரே ஓரத்துக்கு ஓடும். மழையா, அரை நாள். ‘பால் தண்ணி’ என்று எழுதியிருந்தால், பாலின் கனம் பார்க்கும் மெட்ரோலாக்கை வாளியில் விட்டபோது அது மிதந்த உயரத்தில் அவருக்கு ஏதோ சந்தேகம், அதற்கொரு கழிவு. ‘ஒட்டுப்பால் பாக்கி’ என்றால் கிழவிகளுக்குச் சில வெள்ளி கூட வரும்.

‘இதென்ன ஓரத்தில் கிறுக்கல்?’ என்று துரை கேட்டால் பெரிய கிராணியிடம் பதில் தயாராக இருக்கும்:

“குறிப்புதானே தொரை, சும்மா ஞாபகத்துக்கு.”

கணினி நிரல் எழுதுகிறவர்களின் கிட்டத்தட்ட 70 வருஷ வரலாறு இந்த ஒரு பதிலுக்குள் அடக்கம். நிரலில் இரண்டு வகை எழுத்து உண்டு. ஒன்று எந்திரத்துக்கு இடும் கட்டளை. இன்னொன்று, நாளை அதைப் படிக்கப்போகும் பாவப்பட்ட மனிதனுக்கு எழுதி வைக்கும் குறிப்பு. குறிப்பை எந்திரம் திரும்பியும் பார்க்காது என்பது தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை யார் யார் எப்படி எப்படிக் கெடுத்தார்கள் என்பதுதான் கதை. முறைப்படி பரமசிவனிலிருந்து ஆரம்பிப்போம்.

பாண்டிய நாட்டில் 12 வருஷம் பஞ்சம். புலவர்களைப் பிழைக்கப் போகச் சொல்லிவிட்டான் அரசன். மழை பெய்ததும் ஆள் அனுப்பித் தேடினால், எழுத்துக்கும் சொல்லுக்கும் ஆள் கிடைத்தது, பொருளதிகாரத்துக்கு ஒருவரும் இல்லை. அரசன் வருந்த, இறைவன் 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்துக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதுதான் இறையனார் அகப்பொருள். இறைவனானாலும் நிரலர் புத்தி விடுமா? விளக்கம் ஒரு வரி இல்லை. எழுதினவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

சங்கத்தார் 49 பேரும் ஆளுக்கொரு உரை சொன்னார்கள். எது சரி என்று யார் தீர்ப்புச் சொல்வது? உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உரை தப்பென்றால் பிள்ளை சும்மா இருக்கும். சரியென்றால் கண்ணில் நீர் வரும், மயிர் சிலிர்க்கும். மருதன் இளநாகனார் சொன்னபோது அங்கங்கே அழுதது. நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் அழுதது. இன்றைக்குப் பச்சை விளக்கு எரிகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சோதனை நிரல்களுக்கெல்லாம் அந்தப் பிள்ளைதான் பாட்டன். உரை அதன்பின் பத்துத் தலைமுறை வாய்வழியாகவே இறங்கி முசிறி நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்ததாம். நடுவில் யார் எதைத் திருத்தினார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

ஓலையில் இன்னொரு சங்கடம். புள்ளி கிடையாது, பத்தி கிடையாது. எது மூலம், எது உரை, எது மேற்கோள் என்று அடையாளம் இல்லாமல் எல்லாம் ஒரே ஓட்டம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவருவதற்குள் பட்ட பாட்டில் பாதி, இதைப் பிரித்து எடுத்த பாடு. சில நூல்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, மூலமே போய்விட்டது. முத்தொள்ளாயிரத்தின் நூற்றுச் சொச்சம் பாட்டு புறத்திரட்டு என்ற தொகைநூல் புண்ணியத்தில் பிழைத்தது. குண்டலகேசி, வளையாபதி எல்லாம் பிறர் நூலிலும் உரையிலும் மேற்கோளாக ஒட்டிக்கொண்டு கரையேறியவை. மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே போட்டார். நிரல் அழிந்து, குறிப்பிலிருந்து அதைச் சுரண்டி எடுக்கும் வித்தை நமக்குப் பரம்பரைத் தொழில்.

இனி வெள்ளைக்காரன் கதை. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு ஃபோர்ட்ரான் மொழி வந்தது. ஒரு வரிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு 80 பத்தி. முதல் பத்தியில் ‘சி’ என்ற எழுத்துக்குத் துளை போட்டுவிட்டால் அந்த அட்டை முழுதும் குறிப்பு. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி அதைத் தாண்டிப் போய்விடும். நல்ல பிள்ளை. பல வருஷம் பொறுத்தது. 1997-இல் ஓப்பன்எம்பி என்ற ஏற்பாடு வந்தது. வேலையைப் பல செயலிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் கட்டளைகளை எங்கே எழுதினார்கள் தெரியுமா? அதே ‘சி’ பத்தியில், பக்கத்தில் ஒரு டாலர் குறி போட்டு! பழைய தொகுப்பி பார்த்தால் வெறும் குறிப்பு. புதுத் தொகுப்பி பார்த்தால் வேலை உத்தரவு. துரைக்கு ஒரு அர்த்தம், கிராணிக்கு ஒரு அர்த்தம்.

அதற்கும் முன்பே, 1980 ஜனவரியில், யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி ஒரு காரியம் செய்தார். ஷெல் மொழியில் # வந்தால் அந்த வரி குறிப்பு. கோப்பின் முதல் இரண்டு எழுத்து #! என்று இருந்தால், எந்த நிரலைக் கூப்பிட்டு இதை ஓட்ட வேண்டும் என்பதை அதே வரியிலிருந்து இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் படித்துக்கொள்ளும் என்று ஆக்கிவிட்டார். மேலே ஷெல் கண்ணை மூடிக்கொண்டு ‘குறிப்புதானே’ என்கிறது. கீழே கர்னல் ஒற்றைக் கண்ணைத் திறந்து முகவரியைப் படித்துவிட்டுத் திரும்ப மூடிக்கொள்கிறது. இன்றைக்கும் உலகத்துச் சர்வர்களில் பாதிப் பிழைப்பு இந்த ஒற்றைக் கண்ணால்தான் ஓடுகிறது.

இதையெல்லாம் ஒளித்துச் செய்வானேன், வெளிப்படையாகவே செய்வோம் என்றவர் கணினி அறிஞர் டொனால்ட் கனூத். 1984-இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம்: மனிதன் படிக்கும் கட்டுரையாக நிரலை எழுது, நடுவே நிரல் துண்டுகள் வரட்டும். டேங்கிள் என்ற கருவி அந்தக் கட்டுரையிலிருந்து நிரலை மட்டும் உருவி எந்திரத்துக்குக் கொடுக்கும். வீவ் என்ற கருவி அதையே அழகான புத்தகமாக அச்சுக்குக் கொடுக்கும். நம் பதிப்பகங்கள் ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் போடுவதை அமெரிக்காவில் இவ்வளவு சிரமப்பட்டுக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மனிதர் சும்மா பேசவில்லை. டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை முழுக்க அப்படியே எழுதிப் புத்தகமாகவும் போட்டார். பிழை கண்டுபிடித்தவருக்கு 2 டாலர் 56 சென்ட் என்று காசோலையும் எழுதினார்.

1986-இல் ஒரு பத்திரிகைக்காக இந்த முறையில் ஒரு சின்ன நிரல் எழுதித் தரச் சொன்னார்கள்: ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களை எண்ணிச் சொல்ல வேண்டும். கனூத் பக்கம் பக்கமாக, மாலை கட்டியதுபோல எழுதிக் கொடுத்தார். அதற்கு மதிப்புரை எழுதிய டக் மெக்கில்ராய் நன்றாகப் பாராட்டிவிட்டு, கடைசியில் ஆறே ஆறு யூனிக்ஸ் கட்டளைகளை ஒன்றோடொன்று கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். பெரியபுராணத்துக்கு வெண்பாவில் பதில்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? ஒரே சேதியை இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் இரண்டும் அடித்துக்கொள்ளும். உதவிப் பக்கம் 10 என்று சொல்லும், நிரல் 15 என்று செய்யும். கட்டம் முழு நாள் என்னும், ஓரம் மழை என்னும். ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும் என்றால், மனிதன் படிக்கும் இடத்திலேயே எழுதிவிட்டு, எந்திரத்தை அங்கே வந்து பொறுக்கிக்கொள்ளச் சொல்வதுதான் நியாயம்.

அந்த நியாயத்தின் உச்சம் 2012-இல் வந்த டாக்ஆப்ட். பைத்தான் மொழியில், நிரலின் தலையில் உதவிப் பக்கத்தை வெறும் வாசகமாக எழுதிவிட்டால் போதும். நிரலுக்கு வேண்டிய மதிப்புகளை அது அந்த வாசகத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும். அதன் பிரபலமான உதாரணம் ஒரு கப்பல் விளையாட்டு. உதவிப் பக்கத்தில் ‘வேகம், இத்தனை நாட்’ என்று எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ‘சொல்லாவிட்டால் 10’ என்ற பொருளில் ஒரு சொல்லும் எண்ணும். அந்த 10-ஐ 15 ஆக்கினால் கப்பல் 15-இல் ஓடும். விளக்கத்தைத் திருத்தினால் கப்பல் வேகமெடுக்கிறது! ஒரே ஒரு சாஸ்திரம் உண்டு: விருப்பச் சொல்லுக்கும் அதன் விளக்கத்துக்கும் நடுவே இரண்டு இடைவெளி விட வேண்டும். ஒன்று விட்டால், விளக்கத்தின் முதல் சொல்லையே ஏதோ மதிப்பின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

மற்றவர்களும் சும்மா இல்லை. ஜாவாவில் ஆவணக் குறிப்புக்குள் ‘இதைப் பயன்படுத்தாதே’ என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டால் தொகுப்பி 1997-லிருந்தே எச்சரிக்கத் தொடங்கியது. ஜிசிசி என்ற தொகுப்பி 2017-இல் ஒரு படி மேலே போனது. பல கிளைத் தேர்வில் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு வேண்டுமென்றே விழவிட்டேன் என்று நிரலர் எழுதும் குறிப்பைப் படித்து, சரியென்று பட்டால் எச்சரிக்கையை நிறுத்திவிடும். எந்த எழுத்தமைப்பில் எழுதினால் ஒப்புக்கொள்ளும் என்பதற்குப் பட்டியல் உண்டு. குறிப்பையே பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்த எந்திரம், இப்போது பிழை திருத்தி மார்க் போடுகிறது. கோ மொழியிலோ இரண்டு சாய்கோட்டுக்கு அடுத்துச் சில சொற்களை ஒட்டி எழுதினால் கட்டளை. அழகுக்கு ஒரு இடைவெளி விட்டால் வெறும் குறிப்பு.

இங்கே எங்கள் சின்னக் கிராணியைச் சொல்ல வேண்டும். தாத்தா சொன்ன கதை. பெரிய கிராணி லீவில் போன மாசம், புதிதாக வந்த சின்னக் கிராணிக்குச் செக்ரோலின் பென்சில் அழுக்கு பொறுக்கவில்லை. மனிதருக்கு முத்துமுத்தான கையெழுத்து. ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் புதுப் புத்தகத்தில் படியெடுத்தார். கட்டம் எல்லாம் கச்சிதம். ஓரத்தை விட்டுவிட்டார். அந்த மாசம் மழைக்கு லயத்துக்கு ஓடி வந்தவர்களுக்கெல்லாம் முழுக் கூலி; ஒட்டுப்பால் பொறுக்கின கிழவிகளுக்கு ஒன்றுமில்லை. முதல் கூட்டம் சத்தம் காட்டாமல் கடைக்குப் போனது. இரண்டாவது கூட்டம் ஆபீஸ் வாசலுக்கு வந்தது.

கணினி உலகத்திலும் சின்னக் கிராணிகள் உண்டு. பைத்தானை இரட்டை ‘ஓ’ போட்டு ஓட்டினால் இடத்தை மிச்சப்படுத்த ஆவண வாசகங்களைக் கழற்றி எறிந்துவிடும். டாக்ஆப்ட்டை நம்பின நிரல் நடுத்தெருவில் நிற்கும். பிஎச்பி மொழியிலும் குறிப்புகளைச் சேமிக்காதே என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினால், குறிப்பிலிருந்து அமைப்பை வாசிக்கும் நிரல்கள் குருடாகிவிடும். பட்டு அலுத்த பிஎச்பிக்காரர்கள் 2020-இல் எட்டாம் பதிப்பில் இதற்கென்று தனிக் குறியீடே கொண்டுவந்தார்கள். என்ன குறி? # போட்டு ஒரு சதுர அடைப்பு. அதுவரை அந்த மொழியில் அப்படிப் போட்டாலும் வெறும் குறிப்பு! வீடு மாறினார்கள், கதவு எண் மட்டும் மாறவில்லை.

இவ்வளவு சரித்திரமும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாக்கா டவுனில் ஒரு ஆபீஸில் ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒன்று. தலையில் நீளமாக உதவி வாசகம், அரைகுறை ஆங்கிலத்தில். பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைச் சுத்தம் செய்து, அழகாக நான்கு வரியில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை ஒரு பில்லும் யாருக்கும் போகவில்லை. எத்தனை நாள் தவணை, எந்த நேரத்தில் அனுப்புவது என்பதையெல்லாம் அது நான் அழித்த வாசகத்திலிருந்துதான் பொறுக்கிக்கொண்டிருந்ததாம்.

ராத்திரி சுங்கை ரம்பாய்க்கு வந்து, கோப்பி கலக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் புலம்பினேன். அப்பாவுக்குக் கணினியென்றால் பேரன் படம் வரும் பெட்டி. பைத்தானும் தெரியாது, கனூத்தும் தெரியாது. முழுக்கக் கேட்டார். டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“ஓரத்த விட்டுட்டியாடா?” என்றார்.